'ஹாக்னி டைமண்ட்ஸ்' கேட்பது எப்படி: ட்ரம்ஸைப் பிடித்துக்கொண்டு போங்கள்

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 2023 அக்டோபர் 20 அன்று 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். சொந்தப் பாட்டுகளோடு அதற்கு முன் அவர்கள் போட்டது 2005இல் வந்த 'எ பிகர் பேங்'. நடுவில் 2016இல் 'ப்ளூ அண்ட் லோன்சம்' வந்தது உண்மைதான், ஆனால் அது முழுக்கப் பழைய ப்ளூஸ்காரர்களின் (ப்ளூஸ் என்பது ராக்குக்குத் தாயான அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாட்டுகளை எடுத்து வாசித்தது. ஆக, புதுப் பாட்டுக்கு 18 வருடம் காத்திருந்தோம். இந்த இடைவெளியில் நடந்த பெரிய விஷயம், 1963 தொடக்கத்திலிருந்து ட்ரம்ஸில் உட்கார்ந்திருந்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று காலமானது.

இந்த ஆல்பம் பிடித்துப்போய் யாரைப் பார்த்தாலும் "கேட்டியா, கேட்டியா" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிற ஆள் நான். அப்படி நச்சரித்ததில் பலரும் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய ஸ்டோன்ஸ் மாதிரி இல்லையே." இல்லைதான். எப்படி இருக்கும்? ஆனால் எது மாதிரி இல்லை, எந்த இடத்தில் மாதிரி இருக்கிறது, அது ஏன் என்பதைக் காதால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மிக் ஜாகரின் குரலை விட்டுவிட்டு ட்ரம்ஸைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அந்த வழி. அதைத்தான் கீழே எழுதுகிறேன். ராக் இசை அதிகம் பழக்கமில்லாதவர்களும் இதைச் செய்யலாம், இசைக்கோட்பாடு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

முதலில் போனைச் சரி செய்யுங்கள்

எந்தச் செயலியில் கேட்டாலும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலந்துவிடுகிற கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள், ஆல்பம் முடிந்ததும் செயலி தானாகவே வேறு எதையோ ஓட்டுகிற ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். கடைசிப் பாட்டு ஏன் கடைசியில் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது முடிந்த மறுநொடியே சம்பந்தமில்லாத ஒரு பாட்டு வந்து விழுந்தால் எரிச்சலாக இருக்கும்.

ஈக்குவலைசரில் பாஸ் பூஸ்ட் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் (சார்லி வாட்ஸ் வேறு, இவர் வேறு, பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை). 1990இல் பிறந்தவர், ஓசி ஆஸ்போர்ன், இகி பாப் மாதிரி மூத்த ராக் பாடகர்களுக்கு ஏற்கனவே ஆல்பம் செய்து கொடுத்தவர். மனிதர் சத்தத்தை நன்றாக ஏற்றியே வைத்திருக்கிறார். கிடார், கீபோர்டு, பின்னணிக் குரல் எல்லாம் முகூர்த்த நாள் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இதன் மேல் பாஸையும் ஏற்றினால் ட்ரம்ஸின் நுணுக்கம் எதுவும் காதில் விழாது. செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். பழைய ஆல்பங்களோடு மாற்றி மாற்றிக் கேட்கும்போது இது ரொம்ப உதவும், ஏனென்றால் சத்தமாக இருப்பதை நம் காது நல்லது என்று நம்பிவிடும்.

ஹெட்போன் அல்லது இரண்டு ஸ்பீக்கர், ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். விலை முக்கியமில்லை, நூற்றுக்கணக்கில் விற்கிற ஒயர் வைத்த இயர்போன் போதும். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஸ்டோன்ஸ் என்றாலே இரண்டு கிடார்கள் ஒன்றோடொன்று பின்னுவதுதான், கீத் ரிச்சர்ட்ஸும் ரானி வுட்டும் அதை நெசவு என்றே சொல்வார்கள். இடது காது, வலது காது என்று பிரித்துக் கேட்டால்தான் எந்த இழை எங்கே போகிறது என்று தெரியும். போன் ஸ்பீக்கரில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிடும்.

பிறகு கொஞ்சம் பழைய பாட்டு

புது ஆல்பத்துக்கு நேராகப் போகாதீர்கள். ஒரு நாலைந்து பழைய பாட்டுகளை முதலில் கேளுங்கள், அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. 1969இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' முதலில். தொடக்கத்தில் டொக் டொக் என்று ஒரு கௌபெல் (குச்சியால் தட்டுகிற மாட்டுமணி) கேட்கும், அதைத் தட்டுவது அப்போதைய தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அதற்குள் சார்லி நுழைகிற விதத்தைக் கவனியுங்கள். இருவரும் கச்சிதமாகப் பொருந்தவில்லை, லேசாக உரசிக்கொள்கிறார்கள், அந்த உரசல்தான் பாட்டு. அடுத்து 1978இன் 'மிஸ் யூ', டிஸ்கோ காலத்தில் ஸ்டோன்ஸ் டிஸ்கோ தாளத்தை எடுத்துக்கொண்ட பாட்டு. அப்புறம் 1981இன் 'ஸ்டார்ட் மீ அப்'. 1969இன் 'கிம்மி ஷெல்டர்', அதில் பாடகி மெர்ரி கிளேட்டன் பாடும்போது ஓரிடத்தில் குரல் உடைந்தே போகும், ஆனாலும் அதை அப்படியே விட்டு வைத்திருப்பார்கள். கடைசியாக ப்ளூஸ்காரர் மட்டி வாட்டர்ஸ் 1950இல் செஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'ரோலின் ஸ்டோன்'. ஒரு எலக்ட்ரிக் கிடார், ஒரு குரல், நிறைய மௌனம். இந்த ஐந்துக்கும் புது ஆல்பத்தில் ஒவ்வொரு சொந்தக்காரன் இருக்கிறான், கேட்கும்போது நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இப்போது எண்ணிப் பழகுவோம். நம் பழக்கத்தில் தாளம் போட்டால் முதல் அடியில்தான் கை அழுத்தி விழும். ராக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் இரண்டிலும் நான்கிலும்தான் ஸ்னேர், அதாவது செட்டில் சுரீரென்று ஒலிக்கும் அந்தச் சின்ன ட்ரம், 'டப்' என்று விழும். அந்த இரண்டையும் நான்கையும் தொடையில் தட்டிக்கொண்டே ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். முதலில் கை தானாக ஒன்றுக்கு ஓடும், பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

கை பழகியதும் சார்லியின் தனி வித்தையைத் தேடலாம். பொதுவாக ட்ரம்ஸ் வாசிப்பவர்களின் ஒரு கை ஹை-ஹாட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அந்த ஜோடித் தட்டை, விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், ஸ்னேர் விழும்போதும் நிற்காது. சார்லி ஸ்னேரை அடிக்கும் நேரத்தில் ஹை-ஹாட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார். பழைய மேடை வீடியோக்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒவ்வொரு இரண்டுக்கும் நான்குக்கும் வலது கை மேலே போய் வரும். அதனால் என்ன ஆகிறது என்றால் ஸ்னேர் மட்டும் தனியாக, சுற்றிலும் எதுவுமே இல்லாமல் விழுகிறது, ஹை-ஹாட்டில் நடுநடுவே ஒரு சின்ன மூச்சு கிடைக்கிறது. ஜாஸ் கேட்டு, ஜாஸ் வாசித்து வளர்ந்த மனிதர், நாலே நாலு ட்ரம் வைத்த சின்ன செட், உடம்பைக் குலுக்காமல் ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி வாசிப்பார். உண்மையிலேயே அவர் குழுவில் சேர்வதற்கு முன் விளம்பர நிறுவனத்தில் ஓவிய வடிவமைப்பு வேலையில் இருந்தவர்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற ராக் குழுக்களில் எல்லோரும் ட்ரம்ஸைப் பின்பற்றுவார்கள். ஸ்டோன்ஸில் ட்ரம்ஸ் கீத்தின் கிடாரைப் பின்பற்றும், அதனால் சார்லி ஒரு மயிரிழை பின்னால் இருப்பார், பாஸ் கிடார் ஒரு மயிரிழை முன்னால் இருக்கும், எந்த நேரமும் எல்லாம் கலைந்துவிடும் போலத் தோன்றும், ஆனால் கலையாது. இந்த விளக்கத்தைச் சொன்னவர் அந்த பாஸை வாசித்த பில் வைமனேதான். இது காதில் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் தடவை: ஒழுங்காக, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை

மொத்தம் 12 பாட்டு, 48 நிமிடம். முதல் தடவை எதையும் ஆராயாமல் வரிசையாகக் கேளுங்கள். நடுவில் போன் பார்க்காமல் இருந்தால் நல்லது.

'ஆங்கிரி' தொடங்கும்போதே 'ஸ்டார்ட் மீ அப்' ஞாபகம் வரும். கீத் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மிச்சம் ஐந்தை ஓப்பன் ஜி என்ற சுருதியில் வைத்து வாசிப்பது 1960களின் கடைசியிலிருந்து அவருடைய வழக்கம், ஸ்டோன்ஸ் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) என்று நாம் அடையாளம் கண்டுகொள்ளும் ஒலி பாதி அதிலிருந்து வருவதுதான். இந்தப் பாட்டின் வீடியோவில் நடிகை சிட்னி ஸ்வீனி திறந்த காரில் லாஸ் ஏஞ்சலிஸ் சன்செட் சாலையில் போவார், வழியெல்லாம் விளம்பரப் பலகைகளில் இளவயது ஸ்டோன்ஸ் பாடுவார்கள். பார்க்கலாம், ஆனால் கேட்ட பிறகு பாருங்கள். ஆல்பத்தின் அறிமுகப் பாட்டாக இதைப் போட்டதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நல்ல பாட்டுதான், ஆனால் ரொம்பப் பாதுகாப்பான பாட்டு.

'பைட் மை ஹெட் ஆஃப்' வந்ததும் நிமிர்ந்து உட்காருங்கள். பாஸ் வாசிப்பது பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி! 1963இல் பீட்டில்ஸின் ஜான் லெனனும் மெக்கார்ட்னியும் 'ஐ வான்னா பி யுவர் மேன்' பாட்டைக் கொடுத்து, அது ஸ்டோன்ஸின் இரண்டாவது சிங்கிளாக வந்தது. 2021இல் அதே மெக்கார்ட்னி ஒரு பேட்டியில் ஸ்டோன்ஸை ப்ளூஸ் பாட்டுகளைத் திருப்பி வாசிக்கிற குழு என்கிற அர்த்தத்தில் பேசி வம்பைக் கிளப்பினார். 2023இல் வந்து பங்க் வேகத்தில் கரகரவென்று பாஸ் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். நடுவில் மிக் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வது பதிவிலேயே இருக்கிறது. எண்பது வயதில் இருவரும் சேர்ந்து இப்படிச் சத்தம் போடுவது எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது.

'ஹோல் வைட் வேர்ல்ட்' பாட்டில் மிக் லண்டன் உச்சரிப்பை வேண்டுமென்றே அழுத்திப் பாடுகிறார். பழைய தெருக்கள், உடைந்த கண்ணாடி, ஃபுல்ஹாமில் ஒரு அழுக்கு வீடு என்று இளமைக்கால லண்டன் வருகிறது. ஆல்பத்தின் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, கார் கண்ணாடியை உடைத்துத் திருடியபின் தெருவில் சிதறிக்கிடக்கும் சில்லுகளைத்தான் லண்டன்காரர்கள் ஹாக்னி வைரம் என்று கிண்டலாகச் சொல்வார்கள். 'ட்ரீமி ஸ்கைஸ்' அமெரிக்க கன்ட்ரி பாணிப் பாட்டு, ஊரைவிட்டு ஓடிப்போய் பழைய ரேடியோ கேட்டுக்கொண்டு கிடக்கலாம் என்கிற ஆசை. மெதுவான பாட்டுகள் பிடிக்காதவர்கள் கூட இதைத் தாண்டிப் போக வேண்டாம், இத்தனை நெரிசலான ஆல்பத்தில் காற்றோட்டமாக இருக்கிற இடம் இது. 'கெட் க்ளோஸ்', 'டிபெண்டிங் ஆன் யூ' இரண்டையும் முதல் தடவையில் அலட்டிக்கொள்ளாமல் கேட்டுவிட்டுப் போகலாம். 'ட்ரைவிங் மீ டூ ஹார்ட்' பற்றியும் பெரிதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, கிடார்கள் நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை: ட்ரம்ஸ் யார் என்று பாருங்கள்

இங்கேதான் விஷயமே. பெரும்பாலான பாட்டுகளில் ட்ரம்ஸ் ஸ்டீவ் ஜோர்டன். இவர் வெளியிலிருந்து வந்த ஆள் இல்லை, கீத் தனியாக 1988இல் போட்ட ஆல்பத்திலிருந்தே அவருடைய கூட்டாளி. 2021இல் உடம்பு முடியாமல் சார்லி சுற்றுப்பயணத்திலிருந்து விலகியபோது அவர் இடத்தில் உட்கார்ந்தவர், அது சார்லியின் சம்மதத்தோடு நடந்தது. ஏழாவது பாட்டு 'மெஸ் இட் அப்', எட்டாவது 'லிவ் பை தி ஸ்வோர்ட்', இந்த இரண்டில் மட்டும் வாசிப்பது சார்லி, 2019இல் பதிவு செய்து வைத்திருந்தது. பன்னிரண்டை ஆறு ஆறாகப் பிரித்தால் இரண்டாம் பாதி தொடங்குவதே அவரோடுதான். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இப்படிச் செய்யுங்கள். 'ஆங்கிரி'யைப் போட்டு, இரண்டையும் நான்கையும் தொடையில் தட்டிக்கொண்டே முழுக்கக் கேளுங்கள். ஜோர்டனின் அடி கனமானது, சரியாக நடுவில் விழுவது, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் தப்பாது. உடனே, இடைவெளி விடாமல், 'மெஸ் இட் அப்' போடுங்கள். தாளம் இதிலும் எளிதுதான், 'மிஸ் யூ' வகை டிஸ்கோ, மிக் கடைசியில் கள்ளக்குரலில் உச்சத்துக்குப் போவது உட்பட. ஆனால் தரை மாறிவிட்டது தெரியும். அடி லேசாகிவிட்டது, ஹை-ஹாட்டில் அந்த மூச்சு வந்துவிட்டது, பாட்டு முன்னால் ஓடுவதற்குப் பதில் மிதக்கிறது. முதலில் பிடிபடாவிட்டால் இரண்டு பாட்டிலிருந்தும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் 'லிவ் பை தி ஸ்வோர்ட்'. இதில் பாஸ் பில் வைமன். 1993இல் குழுவைவிட்டுப் போனவர், 1936இல் பிறந்தவர், நண்பன் சார்லிக்காகத் திரும்பி வந்து இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வாசித்துக் கொடுத்தார். பியானோவில் எல்டன் ஜான், அதுவும் பின்னணியில் உட்கார்ந்து டொங்டொங்கென்று மதுக்கடைப் பியானோ வாசிக்கிற எல்டன் ஜான், பெயர் சொல்லாவிட்டால் யார் என்றே தெரியாது. மிக், கீத், ரானி, பில், சார்லி ஐந்து பேரும் ஒரே பாட்டில். மேலே சொன்ன முன்னால் பின்னால் கணக்கு இங்கே திரும்ப வருகிறது, பாஸ் முட்டிக்கொண்டு போகிறது, ட்ரம்ஸ் சற்றே இழுத்துப் பிடிக்கிறது, நடுவில் கிடார். ஆல்பத்தின் சிறந்த பாட்டு எது என்று கேட்டால் வேறு பதில் சொல்வேன், ஆனால் ஸ்டோன்ஸ் என்கிற இயந்திரம் எப்படி ஓடும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் போடுவேன். (2003 ஏப்ரலில் இவர்கள் பெங்களூரிலும் மும்பையிலும் வாசித்தார்கள், ட்ரம்ஸில் சார்லியேதான். நேரில் பார்த்தவர்கள்மேல் எனக்கு இன்றும் பொறாமை.)

இதை முடித்தபின் ஜோர்டன் பாட்டுகளுக்குத் திரும்பப் போங்கள், இப்போது அவரைக் குறையாகக் கேட்கத் தோன்றாது. அவர் சார்லி மாதிரி வாசிக்க முயலவே இல்லை என்பதுதான் அவருடைய மரியாதை. 'பைட் மை ஹெட் ஆஃப்' பாட்டுக்கு அந்தக் கனம் தேவை. 'ஆங்கிரி'யின் விறைப்பும் அவரால் வருவதுதான். பழைய ஸ்டோன்ஸ் மாதிரி இல்லையே என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மிக்கின் குரலையோ தயாரிப்பையோ குறை சொல்வார்கள், தயாரிப்பில் குறை இருப்பதும் நிஜம்தான், ஆனால் அவர்கள் காது தேடுவது அந்த ஹை-ஹாட் மூச்சைத்தான் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் கீத்தின் கிடாரையும் ஒருமுறை தனியாகக் கேட்டுவிடுங்கள். விரல் மூட்டுகளில் வாதம் வந்து தன் வாசிப்பு மாறியிருப்பதாக ஆல்பம் வந்த சமயத்தில் அவரே பேட்டியில் சொன்னார், சொல்லிவிட்டு அதனால் புது வழிகள் கிடைப்பதாகவும் சேர்த்துக்கொண்டார். அவர் எப்போதுமே அதிக சுரம் வாசிக்கிற ஆள் இல்லை. இப்போது இன்னும் குறைத்துவிட்டார், இரண்டு அடிக்கு நடுவில் விடுகிற இடம் பெரிதாகிவிட்டது, அந்த இடத்தில் ரானி புகுந்துகொள்கிறார். பத்தாவது பாட்டு 'டெல் மீ ஸ்ட்ரெய்ட்' கீத் பாடுவது. பெரும்பாலான ஆல்பங்களில் அவருக்கு ஒன்றிரண்டு பாட்டு உண்டு, ரசிகர்களில் பாதிப்பேர் அதைத் தாண்டிவிடுவார்கள், மீதிப்பேர் அதற்காகவே ஆல்பம் வாங்குவார்கள். நான் இரண்டாவது கூட்டம்.

பதினொன்றும் பன்னிரண்டும்

'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும், அதற்கு நேரம் ஒதுக்கி, கொஞ்சம் சத்தம் கூட்டி, தனியாகக் கேளுங்கள். தேவாலயப் பாட்டு பாணி, ஸ்டீவி வொண்டர் கீபோர்டுகள், லேடி காகா குரல். ஸ்டீவி வொண்டர் 1972இல் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர், ஐம்பது வருடத்துக்குப் பின் ஸ்டூடியோவில். 'கிம்மி ஷெல்ட'ரின் மெர்ரி கிளேட்டன் இடத்தில் இங்கே காகா நிற்கிறார், மிக்கைத் துரத்தித் துரத்திப் பாடுகிறார், மிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு பாட்டு முடிந்துவிட்டது போல அடங்கும். அப்போது அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள், தயவுசெய்து. காகா மெல்ல ஒரு வரியை முனக, மிக் பதில் சொல்ல, கீபோர்டு வந்து சேர, ஜோர்டன் நுழைய, மொத்தக் குழுவும் மறுபடி எழுந்து வரும். ஒத்திகை பார்த்துச் செய்தது போல் தெரியாது, ஒரே அறையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது கேட்கும். ஜோர்டனைப் பற்றி மேலே சொன்னதை இதில் சரிபாருங்கள், அவரைத் தவிர வேறு யாராலும் இதைத் தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. ஆல்பத்தின் சிறந்த பாட்டு எது என்றால் இதுதான்.

அடுத்தது 'ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்'. முன்னால் கேட்ட மட்டி வாட்டர்ஸ் பாட்டேதான். 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் கீத் மிக்கைப் பார்த்துப் பேசக் காரணமே மிக் கையில் வைத்திருந்த சக் பெரி, மட்டி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அடுத்த வருடம் குழுவுக்குப் பெயர் என்ன என்று தொலைபேசியில் கேட்டபோது குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் தரையில் கிடந்த மட்டி வாட்டர்ஸ் தட்டைப் பார்த்துச் சொன்னதுதான் இந்தப் பெயர். ஆனாலும் அந்தப் பாட்டை ஒரு ஸ்டூடியோ ஆல்பத்தில் அவர்கள் போட 2023 ஆகியிருக்கிறது. மிக் குரலும் மௌத் ஆர்கனும், கீத் கிடார், மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ட்ரம்ஸ் கிடையாது. இத்தனை நேரம் ட்ரம்ஸைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்தப் பாட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, அதனாலேயே நன்றாகக் கேட்கும். உங்கள் கை தொடையில் தட்டப் பார்க்கும், விடுங்கள், தட்டட்டும். கீத் எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று அந்தக் கையே காட்டிக்கொடுக்கும்.

இன்னும் கொஞ்சம்

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், 'ஹோல் வைட் வேர்ல்ட்', 'ட்ரீமி ஸ்கைஸ்' இரண்டைத் தவிர. மற்றதெல்லாம் காதல் சண்டை, அது புரியாமல் போனாலும் நஷ்டமில்லை.

அவர்களுடைய 1972 ஆல்பம் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' அளவுக்கு வருமா என்று ஒப்பிடும் ஆசையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். 1968 முதல் 1972 வரை அவர்கள் போட்ட நாலு ஆல்பங்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய மற்ற எல்லா ஆல்பமுமே தோற்றுப்போகும், இது மட்டும் என்ன பாவம் செய்தது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் 'எ பிகர் பேங்'கோடு ஒப்பிடுங்கள், அதுதான் நியாயம். அதில் பாட்டுகள் அதிகம், நீளம் அதிகம், பாதியில் அலுப்புத் தட்டும். இதை டிசம்பரில் தொடங்கி காதலர் தினத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று மிக் கெடு வைத்து வேலை வாங்கினார், அந்த அவசரம் நல்லதையே செய்திருக்கிறது. சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருது 2025இல் இதற்குக் கிடைத்தது, அது ஒரு கூடுதல் சந்தோஷம்.

தயாரிப்பின் நெரிசல் உங்களுக்கும் உறுத்தினால் அதற்கு மருந்து அவர்களே தந்திருக்கிறார்கள். ஆல்பம் வருவதற்கு முந்தைய இரவு நியூயார்க்கில் ராக்கெட் (Racket) என்ற சின்ன அரங்கில் ஏழு பாட்டு வாசித்தார்கள், பின்னால் அதையும் சேர்த்து ஒரு நேரலைப் பதிப்பாக வெளியிட்டார்கள். புதுப் பாட்டுகளில் 'ஆங்கிரி', 'ஹோல் வைட் வேர்ல்ட்', 'பைட் மை ஹெட் ஆஃப்' மூன்றும் அதில் உண்டு, கடைசியில் காகா மேடையேறி 'ஸ்வீட் சவுண்ட்ஸ்' பாடினார். பழையதில் 'ஷாட்டர்ட்', 'டம்ப்ளிங் டைஸ்', 'ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்'. ஸ்டூடியோவில் இறுக்கிக் கட்டியதெல்லாம் இங்கே அவிழ்ந்துவிடுகிறது, கிடார்கள் தனித்தனியாகக் கேட்கின்றன, ஜோர்டன் முன்னால் வந்துவிடுகிறார். அதிலும் 'டம்ப்ளிங் டைஸ்' சார்லியின் பாட்டு, 1972 பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு உடனே இந்த ராக்கெட் பதிவைப் போட்டு, இரண்டிலும் நான்கிலும் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஜோர்டன் எந்த இடத்தில் சார்லியை அப்படியே விட்டு வைக்கிறார், எங்கே தன் கையைக் காட்டுகிறார் என்று நண்பர்களோடு உட்கார்ந்து சண்டை போட ஒரு மாலை முழுக்கப் போதும்.